புது லேப்டாப்: சாவி யாரிடம்?

சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடைகள் ஏறி இறங்கி, ஒருவழியாக ஒரு லேப்டாப் வாங்கினேன். ரைசன் 5 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., 15.6 அங்குலத் திரை. என் பழைய லேப்டாப் பூட் ஆவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். இதில் பத்துப் பதினைந்து நொடிகளில் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது; ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்ததன் பலன். நம்பர் பேட் இருப்பதால் எழுத்துக் கீகள் சற்று இடப்பக்கம் தள்ளியிருக்கின்றன. பழக இரண்டு நாள் ஆயிற்று. சி டிரைவ் 475 ஜிபி அளவே காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் கணக்கு 1000, விண்டோஸ் கணக்கு 1024. வித்தியாசம் அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

பில் போடும்போதே கடைத் தம்பி, "நானே எல்லாம் செட் பண்ணித் தரேன் சார், பத்து நிமிஷம்" என்றார். சரி என்றேன். பின் நம்பர் 1234 என்று வைத்துக் கொடுத்தார். வீட்டில் வந்து பார்த்தால், செட்டிங்ஸில் யாரோ ஒருவருடைய இமெயில் முகவரி. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாப்ட்வேர் வேலையில் இருப்பவன் செய்யக்கூடிய காரியமா இது?

போட்டோக்களை எல்லாம் புதியதில் ஏற்றிவிட்டு, பழைய லேப்டாப்பை பார்மட் செய்து அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் விண்டோஸ் அப்டேட் வழியாக பயாஸ் அப்டேட் ஒன்று வந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை: பிட்லாக்கர் ரெகவரி கீ கொடுங்கள், 48 இலக்கம்! அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் உள்ளே இருக்கின்றன.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கொடுத்து நுழைந்தவுடன் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். டிரைவில் உள்ளதெல்லாம் பூட்டப்பட்டு, அதன் சாவி அந்த அக்கவுண்ட்டில் சேமிக்கப்படும். லேப்டாப் திருடு போனால் பைல்களை யாரும் படிக்க முடியாது; நல்ல வசதிதான். ஆனால் என் சாவி கடைத் தம்பியின் அக்கவுண்ட்டில் இருந்தது. கீ இல்லாவிட்டால் மைக்ரோசாப்ட்டே நினைத்தாலும் திறக்க முடியாது.

போன் செய்தேன். நல்லவேளை, எடுத்தார். "எது சார் உங்களுது? இதுல நிறைய லேப்டாப் காட்டுது" என்றார். வருகிறவர்களுக்கெல்லாம் அதே அக்கவுண்ட் போலிருக்கிறது! நீலத் திரையில் கீ ஐ.டி. என்று ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளைப் படித்துக் காட்டினேன். பொருந்தியதைப் பார்த்து 48 இலக்கங்களையும் சொன்னார். திறந்துகொண்டது.

அன்றே படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தேன். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி சென்று ரீசெட் திஸ் பிசி கொடுத்து, ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்தெடுத்து, என் சொந்த இமெயிலில் முதலிலிருந்து செட்டப் செய்தேன். கூடவே வரும் எம்.எஸ். ஆபீசும் முதலில் ஆக்டிவேட் செய்யும் அக்கவுண்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் வேர்டைத் திறக்காமல் இருந்ததால் அது தப்பியது.

நீங்கள் ஏற்கனவே வாங்கியிருந்தால், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குச் சென்று, அங்கே இருப்பது உங்கள் இமெயில்தானா என்று இன்றே பாருங்கள். உங்களுடையது என்றால், மைக்ரோசாப்ட் தளத்தில் உங்கள் அக்கவுண்ட்டில் நுழைந்து ரெகவரி கீயை எடுத்து, தாளில் எழுதி வையுங்கள். நான் வாரண்டி கார்டின் பின்புறம் எழுதி, பீரோவில் வைத்திருக்கிறேன்.