ஓயாது குரைக்கும் நாய்: காரணமும் பரிகாரமும்

கினிகத்தேனையில் மழை ஓய்ந்த இரவு மிக அமைதியானது. அட்டன் வீதியில் மேடேறும் லொறிகளின் முனகலும் ஓடைகளின் சலசலப்புமன்றி வேறொலி எழுவதில்லை. அத்தகைய இரவில் நாயொன்று குரைக்கத் தொடங்கினால், அவ்வொலி மலையில் மோதி எதிரொலித்து ஒரு லயத்து மக்கள் அனைவரையும் எழுப்பிவிடும். லயத்துக் காம்பராக்களோ சுவரோடு சுவர் ஒட்டியவை. விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேறும் தாய்மார்க்கு இரவு உறக்கம் ஆடம்பரமன்று. மறுநாள் உழைப்புக்கு அதுவே முதல்.

என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்து நின்றான். "சேர், எங்கள் நாயைச் சாக்கில் கட்டித் தூரத்தில் கொண்டுபோய் விடச் சொல்லுகிறார்கள். அது இரவெல்லாம் குரைக்கிறதாம். பக்கத்துக் காம்பரா அத்தை இரண்டு கிழமையாக அம்மாவோடு பேசுவதில்லை" என்றான். அந்த அத்தையின் மகளும் இவனைப் போலவே க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள்.

அயலவரின் துன்பம் மெய். நாயின் உயிரும் பெரிது. தொலைவில் கொண்டுபோய் விடப்பட்ட நாய் பசியாலோ வண்டிச் சக்கரத்தாலோ மாள்வதே பெரும்பாலும் நிகழ்வது. ஆகவே, "ஒரு மாதம் தவணை கேள்; முதலில் அது ஏன் குரைக்கிறது என்று அறிவோம்" என்று கூறி அவனை அனுப்பினேன். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் கற்றவற்றை நாய் வளர்க்கும் ஏனைய குடும்பத்தாருக்கும் சொல்வது பயன் தருமென எண்ணுகிறேன்.

குரைப்பும் ஒரு மொழியே

நாயின் மூதாதையான ஓநாய் வளர்ந்தபின் அரிதாகவே குரைக்கும். மனிதனோடு கூடி வாழத் தொடங்கிய பின்னரே நாய்க்கு இவ்வியல்பு பெருகியது என்பர் அறிஞர். அந்நியன் வந்தால் குரல் கொடுக்கும் நாயை மனிதன் விரும்பி வளர்த்திருப்பான் அன்றோ? 1957 நவம்பர் 3 ஆம் நாள் சோவியத் நாட்டின் இரண்டாம் ஸ்புட்னிக்கில் விண்வெளி சென்ற நாயின் பெயர் லைக்கா. உருசிய மொழியில் 'குரைப்பவள்' என்பதே அதன் பொருள்.

ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்கள், வெவ்வேறு வேளைகளில் நாய்கள் குரைத்த ஒலிகளைப் பதிவு செய்து மக்களுக்குக் கேட்பித்தனர். அந்நியனைக் கண்ட குரைப்பு எது, தனித்து விடப்பட்ட நாயின் குரைப்பு எது என்பதை நாய் வளர்த்தறியாதவரும் பெருமளவுக்குச் சரியாகவே ஊகித்தனர். அவ்வாய்வு 2005 இல் வெளியாயிற்று. தாழ்ந்த குரலில், இடைவிடாது அடுக்கடுக்காக எழுவது எச்சரிக்கை. உயர்ந்த குரலில், விட்டு விட்டு எழுவது அச்சமும் தனிமையும். செவி கொடுத்தால் நமக்கும் இது விளங்கும்.

வேறொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். "ஒன்றுமில்லாததற்குக் குரைக்கிறது" என்று நாம் சொல்லும்போது, நமக்குக் கேட்காதது அதற்குக் கேட்டிருக்கலாம்.

ஏழு நாட் குறிப்பு

மாணவனிடம் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொடுத்தேன். நாய் குரைத்த நேரம், நின்ற இடம், அதற்கு முன் நிகழ்ந்தது, குரைப்பு ஓய்ந்த விதம் ஆகிய நான்கையும் ஏழு நாட்கள் எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தபோது அவனே வியந்தான். நாய் ஓயாமல் குரைக்கவில்லை. மூன்று வேளைகளில், மூன்று காரணங்களுக்காகக் குரைத்தது.

முதலாவது, காலையில் பெற்றோர் பெரட்டுக்கும் இவன் பாடசாலைக்கும் சென்ற பின். இதை வீட்டிலிருந்த பாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தான். இரண்டு முழச் சங்கிலியில் மாலை வரை கட்டுண்டு கிடந்த நாய், ஏக்கக் குரலில் நெடுநேரம் குரைத்தது. இரண்டாவது, மாலையில் இன்னிசை எழுப்பிக்கொண்டு பாண் முச்சக்கரவண்டி வரும்போது. மூன்றாவது, நள்ளிரவுக்குப் பின், வீட்டின் பின்புறத்தில் தேயிலை மலையை நோக்கி, பிடரி மயிர் சிலிர்த்து நின்று குரைத்தது.

முதற் காரணத்துக்குப் பரிகாரம் எளிது. விடியற்காலையில் அரை மணி நேரம் நாயோடு நடந்துவரச் செய்தேன். குறுஞ்சங்கிலியை நீக்கி, இரு கம்பங்களுக்கிடையே கட்டிய கம்பியில் ஓடும்படியாக நீண்ட சங்கிலி பூட்டினார்கள். புறப்படும்போது சிரட்டையில் சோற்றை அழுத்தி வைத்துவிட்டுச் சென்றார்கள். அதை நக்கித் தீர்ப்பதற்குள் ஏக்கம் தணிந்துவிடும். ஓடியாடிக் களைத்த நாய் உறங்கும்; ஓய்ந்து கிடந்த நாயே குரைக்கும்.

பாண் வண்டியின் கதை வேடிக்கையானது. நாய் குரைத்தவுடன் வாயை அடக்குவதற்காகப் பாட்டி ஒரு துண்டுப் பாணை எறிவாராம்! 1904 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் பவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்கப் பழகிய நாய்க்கு அவ்வொலி கேட்ட மாத்திரத்தில் உமிழ்நீர் ஊறும் என்று காட்டினார். இங்கோ இன்னிசை கேட்டதும் நாய்க்குப் பாண் நினைவு வந்தது. குரைத்தால் அது கிடைக்கும் என்பதையும் கற்றுக்கொண்டது. குரைக்கும்போது எதுவும் கொடாமல், ஓய்ந்தபின் கொடுக்க வேண்டும் என்று வீட்டார் எல்லாரும் உடன்பட்டனர். இதில் ஓர் எச்சரிக்கை: முதற் சில நாட்கள் குரைப்பு முன்னிலும் மிகும். அவ்வேளை ஒருவர் மனமிரங்கிக் கொடுத்துவிட்டால், 'இன்னும் பலமாகக் குரைக்க வேண்டும்' என்ற பாடத்தையே நாய் கற்கும்.

இரவுக் குரைப்பின் காரணத்தைக் கண்டவர் மாணவனின் தந்தையார். பின்புறத்திற் கொட்டிய சமையற் கழிவைத் தேடிக் காட்டுப்பன்றிகள் வந்து போயிருந்தன. கழிவைக் குழியிலிட்டு மூடினார்கள். நாயின் படுக்கையை முன் இஸ்தோப்புக்கு மாற்றினார்கள். கூடவே 'போதும்' என்ற சொல்லையும் கற்பித்தார்கள். நாய் குரைத்தால் எழுந்து வந்து பார்த்து, அமைதியான குரலில் 'போதும்' என்று கூறி, மூக்கருகே சிறிது உணவைக் காட்டுவது; வாய் மூடி மூன்று நொடி கழிந்ததும் கொடுப்பது; பின்னர் அதைப் பத்து நொடி, அரை நிமிடம் என நீட்டுவது. பகலில் பல நாள் பழக்கினாலன்றி இரவில் இது பலிக்காது.

செய்யத் தகாதவை

நாய் குரைக்கும்போது நாமும் கூச்சலிடுதல் முதற் பிழை. தலைவனும் தன்னோடு சேர்ந்து குரைப்பதாகவே அது கருதக்கூடும். அடித்தல் அதனினும் பிழை. அச்சத்தாற் குரைக்கும் நாய்க்கு அடியால் அச்சம் இரட்டிக்கும். குரல் நாண்களை வெட்டி ஊமையாக்கும் சத்திரசிகிச்சையை 1987 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை விலக்கியது. நம் நாட்டிலும் விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக 1907 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

அமைதியாயிருந்த நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால், வலியோ, மூப்போ, செவிக்குறையோ காரணமாகலாம். மிருக வைத்தியரிடம் காட்டுக. குரல் கரகரத்து மாறி, குணமும் மாறினால், விசர்நோயோ என ஐயுற்று நெருங்காதிருக்க. கடியுண்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவது நாய்க்கும் ஊருக்கும் காப்பு.

தவணை முடிந்தது

ஒரு மாதம் கழிந்தது. நாய் ஊமையாகவில்லை, ஆனால் இரண்டு மூன்று முறை குரல் கொடுத்து, 'போதும்' என்றதும் அடங்கக் கற்றிருந்தது. பக்கத்துக் காம்பரா அத்தை பேசாவிட்டாலும் முறைப்பதை விட்டிருந்தார்.

பின்னொரு நாள் பின்னிரவில் அது முன்னெப்போதும் கேட்டிராத குரலில் குரைத்தது. 'போதும்' என்றும் அடங்கவில்லை. குறிப்பெழுதிப் பழகிய மாணவன் அக்குரலின் வேற்றுமையை உணர்ந்தான். கதவைச் சிறிதே திறந்து நாயை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஒருவரும் வெளியே வரவேண்டாம்" என்று அயலாருக்குக் குரல் கொடுத்தான். காலையில், பீலிக்கரைச் சேற்றில் சிறுத்தையின் அடிச்சுவடுகள் பதிந்திருந்தன. நம் தோட்டங்களை ஒட்டிச் சிறுத்தைகள் வாழ்வது புதிதன்று. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியிற் சிக்கிப் பின்னர் உயிர்நீத்த கருஞ்சிறுத்தையைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். நாயை நாடிச் சிறுத்தை லயம் வரை வருவதும் உண்டு.

அன்று விடியுமுன் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகவிருந்தவர் அந்த அத்தைதான். மாலையில் அவர் ஒரு தட்டுச் சோற்றோடு வந்து, மாணவனின் தாயாரிடம், "இதை நாய்க்கு வையுங்கள் அக்கா" என்றாராம்.

வேண்டாத குரைப்பைக் குறைப்பது நாயை ஊமையாக்குவதற்கன்று. வேண்டிய வேளையில் அது குரைக்கும்போது நாம் நம்பி எழுவதற்கே.