மதுரையைச் சுற்றி ஒரு மலைவலம்

பிரயாணம் என்றவுடன் ரயிலேறித் தொலைதூரம் செல்வதையே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். மத்தியதரைக் கடலோர நாடுகளிலோ, ஓர் ஊரில் புறப்பட்டு, நாட்டுப்புறமெல்லாம் கால்நடையாகச் சுற்றி, புறப்பட்ட ஊருக்கே திரும்பி வரும் யாத்திரையில் பலருக்கும் அலாதிப் பிரியம். கோடை வெயிலுக்கு அஞ்சி, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அவர்கள் கிளம்புகிறார்கள். வெயிலில் அந்நாடுகளுக்குச் சற்றும் இளைக்காதது நமது மதுரைச் சமவெளி. சுற்றி வருவதற்கு அங்கே இயற்கையே வட்டம் போட்டு வைத்திருக்கிறது. நகரைச் சூழ நிற்கும் குன்றுகளே அந்த வட்டத்தின் மைல் கற்கள்.

மதுரையிலிருந்து தென்மேற்கே திருப்பரங்குன்றம், அங்கிருந்து கீழக்குயில்குடிச் சமணமலை, பிறகு வைகையைக் கடந்து வடக்கே அலங்காநல்லூர், கிழக்கே திரும்பி அழகர்கோவில், அதன்பின் மாங்குளம், அரிட்டாபட்டி, மேலூர், தெற்கே மாணிக்கவாசகர் அவதரித்த திருவாதவூர், கடைசியாக யானைமலை. இவ்வாறு வலமாகச் சுற்றி வீடு சேர 100 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆறு நாள் போதும். ஓய்வுக்கு ஒரு நாள் சேர்த்து ஏழாக வைத்துக்கொள்வது உத்தமம்.

திட்டம் வகுப்போர் முதலில் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். நமது சீமையில் முதலில் கணக்கிட வேண்டியது தண்ணீரையும் நிழலையுமே. இதை நமக்குக் கற்பிக்கிறவர் கள்ளழகர்! சித்திரை வெயிலில் அவர் மலையை விட்டு இறங்குவது மாலையில். வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கித் தங்கி, இரவெல்லாம் பயணம் செய்து, மறுநாள் காலையில்தான் மூன்றுமாவடியில் எதிர்சேவை. குறுகிய தங்கல்களும் குளிர்ந்த வேளையும் தெய்வத்துக்கே வேண்டியிருக்கும்போது, மனிதர் நடுப்பகலில் நடக்கத் துணியலாமா?

ஆகவே தையும் மாசியுமே தக்க காலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கண்மாய்களில் நீர் நிற்கும். வயல்களில் பசுமை மிஞ்சியிருக்கும். விடியுமுன் எழுந்து பத்து மணிக்குள் பெரும்பகுதியை நடந்துவிட வேண்டும். பின்னர் மரத்தடியில் கட்டுச்சோறும் நீர்மோரும். வெயில் சாய்ந்தபின் எஞ்சிய தூரம். திருப்பரங்குன்றம், மேலூர் முதலிய இடங்களில் விடுதிகள் உண்டு. சிற்றூரில் இடம் அகப்படாவிட்டாலும் கவலையில்லை. மாலையில் பஸ் ஏறி மதுரைக்கு வந்து உறங்கி, மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

இந்த வழியை நமக்கு முன்பே, 2,000 ஆண்டுகளுக்கு முன், திட்டமிட்டவர்கள் சமண முனிவர்கள். மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கி, மற்ற நாட்களில் நடந்துகொண்டே இருப்பது அவர்களுடைய விதி. மாங்குளத்திலும் அழகர்மலையிலும் அவர்கள் தங்கிய குகைகளில் கற்படுக்கைகளைக் காணலாம். மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கும் நேர்த்தி வியக்கத்தக்கது. மாங்குளத்துப் பழந்தமிழ்க் கல்வெட்டு நெடுஞ்செழியன் பெயரைச் சொல்கிறது. அழகர்மலையிலோ பொன் வணிகர், உப்பு வணிகர், அறுவை வணிகர் என்று மதுரைக் கடைத்தெருவே தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறது. சமணமலைப் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், 770-இல் பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன்காரி யானைமலையில் தொடங்கி, அவர் மறைந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்த நரசிங்கப் பெருமாள் குடைவரையும் பிற்காலத்தவை.

குன்று வெறும் கல்லன்று. அதன்மேல் விழும் மழை சுனையாகிறது. வழிந்தோடிக் கண்மாயை நிரப்புகிறது. அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகளால் 72 ஏரிகளும் 200 சுனைகளும் நீர் பெறுகின்றன என்பது அரசாங்கக் கணக்கு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகள் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் 2024-இல் அந்த வட்டாரத்தை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கித் திரண்டு வந்தனர். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லாக் குன்றுகளுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. மேலூர்ப் பக்கத்தில் கருங்கல்லுக்காக வெட்டப்பட்டுப் பள்ளமாய்ப் போனவையும் உண்டு. குன்று போன இடத்தில் சுனை ஏது? நிழல் ஏது? நடப்பவனுக்குத் தங்கல்தான் ஏது?

எனவே இந்த மலைவலம் பொழுதுபோக்கு மட்டும் அன்று. பஸ்ஸில் விரைகிறவன் கண்ணுக்கு ஒரு குன்று மறைந்தால் தெரியாது. அதன் சுனையில் தாகம் தீர்த்துக்கொண்டவனுக்கு உடனே தெரியும். வரும் தை மாதத்தில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, வட்டம் முழுவதும் முடியாவிட்டாலும் ஒரு நாள் வழியையாவது நேயர்கள் நடந்து பார்க்கட்டும். பாறையில் பெயர் கிறுக்காமல், குப்பை போடாமல், ஊராரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு மலையேறுங்கள். அக்குன்றுகளை இதுகாறும் காத்து வந்தவர்கள் அவர்களே.