முட்டையின் கரு நிறம் மாறினால் கோழிக்கு நோயா?

பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் புறக்கடையில் கோழி வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. முட்டை விற்ற காசு பெண்களின் கைச்செலவுக்கு உதவுகிறது. ஆனால் உடைத்த முட்டையில் கரு வேறு மாதிரி இருந்துவிட்டால், கோழிக்கு நோய் என்று எண்ணிக் கொட்டிவிடுகிறார்கள். வாங்கிச் சென்றவரும் மறுமுறை வருவதில்லை. பெரும்பாலும் இது நோயல்ல, தீவனத்தால் வருவது.

வெளுத்த கரு

கருவுக்கு மஞ்சள் நிறம் தருவது சாந்தோபில் என்னும் நிறமி. இதைக் கோழி தானே உண்டாக்க முடியாது. கீரை, பசும்புல், மஞ்சள் மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்தே பெறுகிறது. குருணையிலும் தவிட்டிலும் இது மிகக் குறைவு. கோடையில் புல் காய்ந்ததும் கரு வெளுப்பது இதனால்தான். அகத்தி அல்லது முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டி, கோழிக்கு எட்டும் உயரத்தில் தினமும் தொங்கவிட்டால் இரண்டு வாரத்தில் நிறம் திரும்பும்.

பச்சை, பழுப்புக் கரு

மாட்டுத் தொட்டியில் சிந்தும் பருத்திக்கொட்டை, பருத்திப் பிண்ணாக்கைக் கோழி கொத்தினால் இது நேரும். அதிலுள்ள காசிபால் என்னும் பொருள் கருவிலுள்ள இரும்புடன் சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. இட்ட அன்று நன்றாக இருக்கும் முட்டை, சில நாள் வைத்திருந்தால் நிறம் மாறும். எனவே விற்றவருக்குத் தெரியாமல், வாங்கியவர் வீட்டில்தான் குறை வெளிப்படும். மாடு தின்றதும் தொட்டியைச் சுத்தம் செய்து மூடிவைக்க வேண்டும்.

இரத்தப் புள்ளி, இரட்டைக் கரு

சூலகத்திலிருந்து கரு விடுபடும்போது சிறு இரத்தக்குழாய் கிழிந்தால் இரத்தப் புள்ளி தோன்றும். இது குஞ்சு உருவானதன் அடையாளம் அன்று. புள்ளியை எடுத்துவிட்டு, நன்கு வேகவைத்து உண்ணலாம். முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிகளில் இரண்டு கருக்கள் ஒரே சமயத்தில் விடுபடுவதால் இரட்டைக் கரு வருகிறது. இதையும் உண்ணலாம், அடைக்கு வைக்கக் கூடாது.

எப்போது கவனிக்க வேண்டும்?

துர்நாற்றம் வீசும் முட்டையை உண்ணக் கூடாது. கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால், மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை முட்டையை உண்ணவோ விற்கவோ கூடாது. கரு வெளுப்பதோடு கோழி மெலிந்தாலோ, கழிச்சல் கண்டாலோ, குடற்புழு அல்லது இரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் உடனே காட்டுவது நல்லது.