வெயில் பட்டால் வேறு தூள்

வாக்களிக்கும்போது நம் விரலில் வைக்கும் மை மைசூருவிலிருந்து வருகிறது. 1962 முதல் அங்குள்ள மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் தயாரித்துத் தருகிறது. வைக்கும்போது ஊதாவாக இருப்பது வெயிலில் நடந்து வீடு சேர்வதற்குள் கருத்துவிடும். அதிலுள்ள சில்வர் நைட்ரேட்டை ஒளி மாற்றிவிடுவதுதான் காரணம். வெயில் ஒரு பொருளின் குணத்தையே மாற்றும் என்பதற்கு விரல்மேல் இருக்கும் சாட்சி!

அதே ஊரின் குக்கரஹள்ளி போன்ற ஏரிகளில் வெயிலின் இந்த வேலையின் இன்னொரு முகத்தை யோசிக்கலாம். சன்ஸ்கிரீனிலும் சுவர் பெயின்ட்டிலும் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளில் நானோ அளவுத் துகள்களும் உண்டு. பெயின்ட் அடித்த சுவர்களிலிருந்து அவை மழைநீரோடு வழிவதை 2008-ல் சுவிட்சர்லாந்தில் கண்டார்கள். பொதுவாக இது சாதுவான தூள். ஆனால் புற ஊதாக் கதிர் பட்டதும் அதன் எலக்ட்ரான்கள் கிளம்பி, பக்கத்திலுள்ள நீரையும் ஆக்சிஜனையும் தாக்கும் தன்மையுள்ள மூலக்கூறுகளாக்கிவிடும். இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. ஒட்டி இருப்பவரைத்தான் சுடும்.

ஒட்டி இருப்பது யார்? நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியா. ஓரிரு மில்லிமீட்டர் உடம்பு, கண்ணாடி போன்றது. துடிக்கும் இதயத்தை நுண்ணோக்கியில் வெளியிலிருந்தே பார்க்கலாம். நீரை வடிகட்டித் தின்னும் பிராணி என்பதால் பாசியோடு துகளும் குடலில் நிறையும், ஓட்டிலும் அப்பும். போதாக்குறைக்கு, ஒளியைத் தடுக்க அதற்குத் தடித்த தோலும் இல்லை. பாவம்.

2012-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 48 மணி நேரத்தில் பாதித் தெள்ளுகள் சாக, சாதாரண ஆய்வக வெளிச்சத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் தூள் கூடப் போதவில்லை. வெயிலைப் போன்ற விளக்கின்கீழ் சுமார் 30 மைக்ரோகிராமே போதுமானதாக இருந்தது. வித்தியாசம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். நம் பக்கத்தில் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013-ல் செரியோடாஃப்னியா என்ற சின்ன உறவினத்தை வைத்துப் பார்த்தபோதும், இருட்டைவிட வெளிச்சத்தில் நச்சு கூடியிருந்தது.

எல்லாத் துகளும் இப்படி என்று எண்ண வேண்டாம். பாலிமர் பூசிய வெள்ளித் துகள்கள் வெயிலில் திரண்டு, புல் நாற்றுகளுக்கு இழைத்த தீங்கு குறைந்ததாக 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. நீரும் ஒரு கை கொடுக்கும்: இலை மக்கித் தேநீர் நிறமான ஏரியில் புற ஊதாக் கதிர் அதிக ஆழம் இறங்காது.

ஆகவே ஒரு துகளுக்கு ஒரே நச்சு அளவு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழல்விளக்கின்கீழ் பார்த்து 'தீங்கில்லை' என்று முடித்த சோதனை, ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் மைசூரு ஏரிக்குச் செல்லாது. சோதனைத் தொட்டியை ஒருமுறை முற்றத்துக்குத் தூக்கி வந்து பார்க்கட்டும்.