வாத்து கத்தினால் எதிரொலி கேட்காதா?

வாத்தின் குரலுக்கு மட்டும் எதிரொலி கிடையாதாம்!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படி ஒரு நம்பிக்கை வெகுநாளாக உலவி வந்தது. நாய் குரைத்தால் எதிரொலிக்கும். சிங்கம் கர்ஜித்தால் எதிரொலிக்கும். வாத்தின் "குவாக், குவாக்" மட்டும் போனது போனதுதான். திரும்பி வராது என்றார்கள். "காரணம் யாருக்கும் தெரியாது" என்று ஒரு வாலையும் சேர்த்துக் கொண்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னார். வாத்தைப் பிடித்து வந்து சோதித்துப் பார்த்தவர்கள் அபூர்வம்.

எதிரொலி எப்படி வருகிறது?

சுவரில் எறிந்த பந்து திரும்பி வருகிறது அல்லவா? ஒலியும் அப்படித்தான். சுவரிலோ பாறையிலோ மோதித் திரும்புகிறது. அதுதான் எதிரொலி.

ஒலி காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம் செல்லும். சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால், ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். சுவர் அதைவிடப் பக்கத்தில் இருந்தால் இரண்டு ஒலிகளும் கலந்துவிடும். எதிரொலி தனியாகக் காதில் விழாது.

கத்தியது மனிதனா, வாத்தா என்று சுவருக்குத் தெரியுமா? எந்த ஒலி வந்து மோதினாலும் அது திருப்பி அனுப்பத்தானே செய்யும்?

டெய்சிக்குப் பரிசோதனை

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்து இருப்பது சால்போர்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒலியியல் பேராசிரியராக இருப்பவர் டிரெவர் காக்ஸ். 2003-ம் ஆண்டு அவரும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள்.

பண்ணையிலிருந்து ஒரு வாத்தைக் கொண்டு வந்தார்கள். அதன் பெயர் டெய்சி.

முதலில் அதை ஒரு விசித்திரமான அறையில் விட்டார்கள். அந்த அறையின் சுவர்கள் ஒலியை விழுங்கிவிடும். அங்கே எதற்குமே எதிரொலி கிடையாது. டெய்சியின் சொந்தக் குரல் மட்டும் பதிவாயிற்று.

பிறகு வேறோர் அறை. இதன் சுவர்கள் கெட்டியானவை, மழமழவென்று இருப்பவை. இங்கே சிறு சத்தமும் வெகுநேரம் முழங்கும். டெய்சி கத்தியது. அறை முழுவதும் "குவாக்" முழங்கிற்று!

வாத்தின் குரலும் எதிரொலிக்கும் என்பது தெளிவாகிவிட்டது.

பின் ஏன் கேட்கவில்லை?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று: வாத்தின் குரல் அவ்வளவு உரத்ததல்ல. திரும்பி வரும்போது இன்னும் தேய்ந்துவிடும்.

இரண்டு: வாத்து நீந்துவது குளத்திலும் ஆற்றிலும். சுற்றிலும் திறந்த வெளி. ஒலி மோதித் திரும்ப அங்கே மலை ஏது, மதில் ஏது?

மூன்றாவதுதான் முக்கியம். கை தட்டினால் ஒலி சட்டென்று பிறந்து சட்டென்று நிற்கும். அதனால் எதிரொலி தனியே தெரியும். "குவாக்" அப்படி அல்ல. மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். அந்த வாலிலேயே எதிரொலி ஒளிந்து கொள்ளும்!

விளையாட்டு அல்ல

வாத்தைக் கத்த விட்டு வேடிக்கை பார்ப்பதா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இதே சங்கதி மனிதனுக்கும் உண்டு.

வெறும் சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட வகுப்பறையில் ஆசிரியர் பேசுகிறார். ஒரு சொல்லின் முழக்கம் அடங்கும் முன் அடுத்த சொல் வந்துவிடுகிறது. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் பாடம் புரிவதில்லை. "கவனம் இல்லாத பிள்ளை" என்று பெயர் வந்துவிடுகிறது. குற்றம் பிள்ளையிடம் இல்லை, சுவரில் இருக்கலாம்! ரெயில் நிலைய அறிவிப்பு காதில் விழுந்தும் விளங்காமல் போவதற்கும் இது ஒரு காரணம். திரைச்சீலையும் ஒலியை உறிஞ்சும் பலகையும் இந்த முழக்கத்தைக் குறைக்கும்.

நீங்களும் சோதிக்கலாம்

பெரிய சுவர் ஒன்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பலமாக ஒரு முறை கை தட்டுங்கள். பிறகு "ஆ...ஆ...ஆ" என்று மெல்லத் தொடங்கி மெல்ல முடியுங்கள். கைதட்டல் திரும்பி வருவது தெளிவாகக் கேட்கும். மற்றது கேட்டும் கேட்காதது போல் இருக்கும்.

"காரணம் யாருக்கும் தெரியாது" என்று இனி யாராவது சொன்னால், அவரிடம் டெய்சியின் கதையைச் சொல்லுங்கள்!