40,000 டாலருக்கு விலைபோன கம்பெனி இன்று தினம் 19 கோடி டாலருக்கும் மேல் விற்பனை செய்கிறது! லாக்ஹீட் மார்ட்டின் பற்றித் தெரியுமா?

1932-ல் அமெரிக்காவில் ஒரு விமானக் கம்பெனி திவாலாகி விற்பனைக்கு வந்தது. ராபர்ட் கிராஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். என்ன விலை தெரியுமா? வெறும் 40,000 டாலர்! அதுதான் லாக்ஹீட். இன்று அது உலகின் மிகப் பெரிய ராணுவத் தளவாட நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின். 2024-ல் அதன் விற்பனை சுமார் 7,100 கோடி டாலர்! ஒரு நாளைக்குப் பிரித்தால் 19 கோடி டாலருக்கும் மேல்!

இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்? ஆயிரம்? பத்தாயிரம்? 2024 வருமானத்தில் 73 சதவீதம் அமெரிக்க அரசு என்ற ஒரே இடத்திலிருந்து வந்தது! தெருவில் ஒரே ஒரு வீட்டை நம்பி நடக்கும் மளிகைக் கடையைக் கற்பனை செய்து பாருங்கள். அதில் 1,20,000 பேர் வேலை பார்த்தால் எப்படி இருக்கும்?

2024 முடிவில் கையில் இருந்த ஆர்டர்கள் மட்டும் சுமார் 17,600 கோடி டாலர்! புதிதாக ஓர் ஆர்டர்கூட வராவிட்டாலும் இரண்டரை ஆண்டுகளுக்கு வேலை இருந்தது!

கம்பெனி இவ்வளவு வளர்ந்ததில் ஓர் இரவு விருந்துக்கும் பங்கு உண்டு, தெரியுமா? 1993. பனிப்போர் முடிந்து ராணுவ பட்ஜெட் சுருங்கிக்கொண்டிருந்தது. ஆயுதக் கம்பெனித் தலைவர்களைப் பென்டகனுக்குச் சாப்பிட அழைத்தார்கள். அங்கே பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் வில்லியம் பெர்ரி போட்டு உடைத்தார்: எல்லோருக்கும் கொடுக்க வேலை இல்லை, ஒன்றோடொன்று இணைந்துகொள்ளுங்கள்! அந்த விருந்துக்கு வந்தவர்கள் வைத்த பெயர் 'கடைசி இராப்போஜனம்'! 1990-களில் 51 பெரிய கம்பெனிகள் இருந்தன. கடைசியில் மிஞ்சியவை எத்தனை? ஐந்தே ஐந்து!

லாக்ஹீடும் மார்ட்டின் மரியெட்டாவும் 1995-ல் கைகோத்தன. அதற்கு முன்பே, 1993-ல், எஃப்-16 போர்விமானத் தொழிற்சாலையை ஜெனரல் டைனமிக்ஸிடமிருந்து லாக்ஹீட் வாங்கிவிட்டது. 1996-ல் லோரல் நிறுவனத்தின் ராணுவப் பிரிவுகள். 2015-ல் ஹெலிகாப்டருக்குப் பேர்போன சிக்கோர்ஸ்கி, சுமார் 900 கோடி டாலருக்கு! ஆனால் நினைத்ததெல்லாம் கிடைத்துவிடவில்லை. நார்த்ராப் க்ரம்மனை வாங்கப் பார்த்தபோது 1998-ல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டுத் தடுத்தது. ராக்கெட் என்ஜின் செய்யும் ஏரோஜெட் ராக்கெட்டைனை வாங்கும் முயற்சியும் 2022-ல் இதேபோல வழக்கில் சிக்கிக் கைவிடப்பட்டது. 'இணையுங்கள்' என்று சொன்ன அதே அரசுதான் 'போதும்' என்றும் சொன்னது!

ஒரே ஒரு வாக்கில் இந்தக் கம்பெனி பிழைத்த கதை தெரியுமா? லாக்ஹீடின் ட்ரைஸ்டார் பயணிகள் விமானத்துக்கு என்ஜின் செய்துகொண்டிருந்த ரோல்ஸ் ராய்ஸ் 1971-ல் நொடித்துப்போனது. கூடவே லாக்ஹீடும் ஆட்டம் கண்டது. 25 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரலாமா என்று அமெரிக்க செனட்டில் வாக்கெடுப்பு. ஆதரவு 49, எதிர்ப்பு 48! படிக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது!

இருண்ட பக்கமும் உண்டு. விமானம் விற்க வெளிநாடுகளில் லஞ்சம் கொடுத்தது 1976-ல் அம்பலமானது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் ககுயெய் தனாகா கைதானார்! வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதைக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 1977-ல் வந்ததற்கு இந்த ஊழல் முக்கியக் காரணம். வெட்கக்கேடான அத்தியாயம் இது; சந்தேகமே வேண்டாம்.

சரி, வேகத்துக்கு வருவோம். ஒரு ஜெட் போர்விமானத்தைப் புதிதாக வடிவமைத்துக் கட்ட எத்தனை நாள் ஆகும்? 1943-ல் கெல்லி ஜான்சன் என்ற லாக்ஹீட் பொறியாளர் 180 நாளில் தருவதாக வாக்குக் கொடுத்தார். முடித்தது 143 நாளில்! வேலை நடந்தது எங்கே? வாடகைக்கு எடுத்த சர்க்கஸ் கூடாரத்தில்! முறையான ஒப்பந்தக் காகிதம் வந்தது, வேலை தொடங்கி நான்கு மாதம் கழித்து! ஜான்சனின் அந்த ரகசியக் குழுதான் இன்றும் இயங்கும் 'ஸ்கங்க் வொர்க்ஸ்'.

அதே ஜான்சனின் வீட்டு விலாசத்துக்கு 1955-ல் தபாலில் ஒரு காசோலை வந்தது. அனுப்பியது சி.ஐ.ஏ.! தொகை? 12.5 லட்சம் டாலர்! யு-2 உளவு விமானத்துக்கான முன்பணம் அது!

சோவியத் யூனியனைக் கண்காணிக்கவென்று கட்டிய விமானக் குடும்பத்துக்கு டைட்டானியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தச் சோவியத் யூனியனிடமிருந்தே! போலிக் கம்பெனிகள் மூலம் வாங்கினார்கள்! அந்தக் குடும்பத்தில் வந்த எஸ்.ஆர்.-71, தரையில் நிற்கும்போது எரிபொருளைச் சொட்டச் சொட்ட ஒழுகவிடும். வானில் சூடேறி உடல் விரிந்ததும் இடைவெளிகள் அடைபடும்! 1990-ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டனுக்கு அது பறந்த நேரம் சுமார் 64 நிமிடம்!

இனி எஃப்-35. கம்பெனிக்கு வரும் நான்கு டாலரில் ஒன்று இந்த ஒரே விமானத்திலிருந்து! டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் இதைப் பூட்டும் தொழிற்சாலையின் நீளம் ஒரு மைலுக்கும் மேல்! விமானி அணியும் ஹெல்மெட் ஒன்றின் விலை சுமார் 4 லட்சம் டாலர்! அதைப் போட்டுக்கொண்டால் விமானத்தின் தரையை ஊடுருவிக் கீழே இருப்பதைப் பார்க்கலாம்!

உதிரிபாகங்கள் 1,900-க்கும் மேற்பட்ட சப்ளையர்களிடமிருந்து வருகின்றன. அவர்கள் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பரவிக் கிடக்கிறார்கள். திட்டத்தை வெட்டலாம் என்று யாராவது வாய் திறந்தால், எத்தனை எம்.பி.க்களின் தொகுதியில் வேலை போகும்? பொறியியலுக்கு இணையான சாமர்த்தியம் இது என்றே சொல்வேன்! வெளிநாடுகளுக்கும் இதே கணக்குதான்: இத்தாலியிலும் ஜப்பானிலும் எஃப்-35 பூட்டும் கூடங்கள் உண்டு. வாங்குபவரே தயாரிப்பிலும் பங்காளி!

ஆனால் வரி கட்டுபவரின் பில்? அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களை வாங்கி, ஆயுள் முழுக்கப் பராமரிக்க 2 லட்சம் கோடி டாலருக்கும் மேல் ஆகும் என்கிறது அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு! இதைக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது.

அளவை முறை குழம்பியதால் ஒரு விண்கலமே காணாமல்போனது தெரியுமா? 1999-ல் செவ்வாயை நெருங்கிய நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் அது. லாக்ஹீட் மார்ட்டினின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் விடை தர, நாசா மெட்ரிக் கணக்கில் எடுத்துக்கொண்டது! அதைக் கட்டிய அதே நிறுவனம் உருவாக்கிய ஒசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம், 2023-ல் பென்னு குறுங்கோளிலிருந்து 121.6 கிராம் மண்ணைப் பத்திரமாகப் பூமிக்குக் கொண்டுவந்தது!

நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1954-ல் முதன்முதலாகப் பறந்த லாக்ஹீடின் சி-130 சரக்கு விமானம், சி-130ஜே என்ற புதிய வடிவில் இன்றும் தயாராகிறது! 2013-ல் இந்திய விமானப்படை அதை லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,614 அடி உயரத்தில் தரையிறக்கியது! உலகில் எந்த நாடு புதிதாக சி-130ஜே வாங்கினாலும், அதன் வால்பகுதி செய்யப்படும் ஊர் எது தெரியுமா? டாடாவுடன் கூட்டாக நடத்தும் தொழிற்சாலை இருக்கும் ஹைதராபாத்!