இரு தண்டுகள், ஒரே கோடு

மின்மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் இணைக்கும் உறுப்புக்குக் கப்ளிங் என்று பெயர். ரப்பர் புஷ் வைத்த கப்ளிங் சற்று வளைந்து கொடுக்கும். அதனால் தண்டுகள் எப்படி இருந்தாலும் பாதகமில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும் தண்டுகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், ரப்பர் மணிக்கு 90,000 முறை நசுங்கி விரியும்! அது சூடேறித் தேயும். பேரிங்குகளும் விரைவில் கெடும்.

பொருத்துமுன் மின்சாரத்தை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். (வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் விரல் போய்விடும்.) பிறகு ஒரு தண்டில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முள் மற்றக் கப்ளிங்கின் விளிம்பைத் தொடுமாறு வைத்து, இரு தண்டுகளையும் சேர்த்து மெல்லச் சுற்றுவார்கள். மேலும் கீழும் காட்டும் அளவுகளின் வேறுபாட்டில் பாதிதான் உண்மையான உயர விலகல். ஏன் பாதி? படம் வரைந்து பாருங்கள். மோட்டாரின் கால்களுக்கடியில் மெல்லிய தகடுகளைச் செருகி இதைச் சரிசெய்யலாம்.

வெந்நீர்ப் பம்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. 300 மில்லிமீட்டர் உயர எஃகுத் தாங்கி 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர் வளரும். மோட்டாரும் சிறிது வளரும். அதைக் கழித்து எஞ்சும் அளவுக்கு மோட்டாரை முன்கூட்டியே உயர்த்தி வைக்கிறார்கள். கப்ளிங்கின்மேல் காப்பு மூடியை மாட்டிய பிறகே ஃபியூஸ் திரும்பப் போகும்.